மணற்காட்டைச் சோலையாக்கிய மாது

பிப்ரவரி மாதத்துக்கு 28 நாள்தான் கணக்கு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் 29-ந் தேதி என்று ஒரு நாள் கூடுதலாக வரும். அந்த நாளில் பிறந்தவர்கள் பிறந்த நாள் கொண்டாட நாலு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்!

1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாமரங்கள் பூக்கும் மாசி மாதம். குழந்தைக்கு ருக்மிணி என்று பெயர் வைத்தார்கள்.

சென்னை திருவான்மியூரில், கடலோர மணல் வெளியில் ஒரு சோலையை உண்டாக்கி, அதற்குள் ஒரு பெரிய கலைக் குடும்பத்தையே குடியேற்றிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்தான்.

இன்று ஊருக்கு ஊர் பெண் குழந்தைகள் சலங்கை கட்டிப் பரதம் பயில்கிறார்கள். பெற்றோர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பூரித்துப் போகிறார்கள். 90 வருஷங்களுக்கு முன்னால் இது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அந்த நிலைமையை மாற்றியவர்களில் இந்த அம்மையாருக்கு முக்கியமான இடம் உண்டு.

ஆற்றங்கரைத் தோட்டம்

ருக்மிணியின் தகப்பனார் நீலகண்ட சாஸ்திரி, மராமத்து இலாகாவில் இன்ஜினீயர். நன்றாகப் படித்தவர். தாயார் சேஷம்மாளுக்குச் சங்கீதம் என்றால் உயிர். சாஸ்திரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பம் சென்னைக்கு வந்தது. அடையாறில் பிரம்மஞான சபையின் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு குடியேறியது.

அந்தத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 250 ஏக்கருக்கும் மேல். ஒரு புறம் அடையாற்று முகத்துவாரம், ஒரு புறம் கடல். நடுவே பிரசித்தி பெற்ற ஆலமரம். எது அடிமரம், எது விழுது என்று தெரியாதபடி படர்ந்து கிடந்தது. அதற்கு 450 வயது என்பார்கள். 1989-ம் ஆண்டில் பலத்த காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரங்களாகி நிற்கின்றன.

அந்த மரத்தடியில்தான் கூட்டங்கள் நடக்கும். அன்னி பெசன்ட் அம்மையார் பேசுவார். பல தேசத்து மனிதர்களும் சமமாக மண்ணில் உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டிய வயதுப் பெண், வெட்ட வெளியில் உலகத்தையே பார்த்து வளர்ந்தாள். ருக்மிணி பிற்காலத்தில் செய்த காரியங்களுக்கெல்லாம் விதை விழுந்தது இங்கேதான்.

ஊரே எதிர்த்த கல்யாணம்

பெசன்ட் அம்மையாருக்கு வலது கை போல இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1920-ம் ஆண்டு அவருக்கும் ருக்மிணிக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளைக்கு 41.

சென்னை கொதித்தது! பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரைக் கட்டிக்கொள்வதா என்று கேட்டார்கள். பத்திரிகைகள் கண்டித்து எழுதின. இந்த வயது வித்தியாசத்தை இன்று யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று எழுந்த கூச்சல் வயதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. சாதியைப் பற்றியும் தோலின் நிறத்தைப் பற்றியும்தான் கவலைப்பட்டது.

ருக்மிணி தேவி கலங்கவில்லை. கணவரோடு தேசம் தேசமாகப் பிரயாணம் செய்தார். 1923-ல் இளம் பிரம்மஞானிகளின் அகில இந்தியத் தலைவியானார். 1925-ல் உலகச் சம்மேளனத்துக்கே தலைவி. அப்போது அவருக்கு வயது 21.

கப்பலில் கிடைத்த சிநேகிதி

அந்தக் காலத்தில் உலகத்தையே மயக்கிய நாட்டியக்காரி ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா. அவருடைய ஆட்டத்தைப் பார்த்து ருக்மிணி தேவி சொக்கிப் போனார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பிரயாணம் செய்யும்படி நேர்ந்தது. சிநேகிதம் வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி மேல்நாட்டு பாலே நடனம் பயின்றார்.

ஆனால் பாவ்லோவாவே அவரைத் திருப்பிவிட்டார். உன் நாட்டிலேயே பழைய நாட்டியம் இருக்கிறதே, அதைத் தேடு என்று யோசனை சொன்னார்.

தேடிய பொருள் கண்ணில் பட்டது 1933-ம் ஆண்டு. சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர்ச் சகோதரிகள் சதிர் ஆடினார்கள். அந்த நாளில் பரதத்துக்குச் சதிர் என்றுதான் பெயர். கோயில்களில் தேவதாசிகள் பரம்பரையாக ஆடி வந்த ஆட்டம். கௌரவமான குடும்பத்தார் அதைப் பார்ப்பதே தப்பு என்று பலர் பிரசாரம் செய்துகொண்டிருந்த நேரம். வக்கீல் இ. கிருஷ்ணய்யர் ஒருவர் அதற்காகத் தனியாக வாதாடிக்கொண்டிருந்தார்.

ருக்மிணி தேவி பார்த்தார். இதுதான் என்று தீர்மானித்துவிட்டார்.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றார். கபாலீசுவரர் கோயிலில் ஆடிய பரம்பரையில் வந்தவர் கௌரி அம்மாள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அடவு கற்றார். 30 வயதுக்கு மேல் அரைமண்டி போட்டு அடவு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்பது கற்றவர்களுக்குத்தான் தெரியும்!

1935-ம் ஆண்டு டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழா. அடையாறில் ருக்மிணி தேவி சபை ஏறி ஆடினார். கல்யாணத்துக்கு எழுந்த கூச்சலை விட இதற்கு எழுந்த கூச்சல் பெரிது. பார்க்கக் கூடாது என்றவர்களே பார்க்க வந்தார்கள்.

அவர் மேடையைத் தம் விருப்பப்படி மாற்றினார். ஆடுபவருக்குப் பின்னால் நின்றுகொண்டே வாசிக்கும் பக்கவாத்தியக்காரர்களை ஓரத்தில் உட்கார வைத்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து உடை தைக்கச் செய்தார். மேடையில் நடராஜர் சிலையை வைத்தார். சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியைக் கூட்டினார்.

இந்தக் கடைசிக் காரியத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இசை வேளாளர் பரம்பரையில் வந்த மேதை பாலசரஸ்வதி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. சிருங்காரமே பரதத்தின் உயிர் என்பது அவர் கட்சி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1947-ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெண்களுக்கு விடுதலை கொடுத்த சட்டம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய பெண்கள் பலருக்கு, மற்ற வீட்டுப் பெண்கள் மேடை ஏறிய அதே காலத்தில் மேடை இல்லாமல் போயிற்று. பரதத்தின் புது வாழ்வைப் பேசும்போது இந்தக் கணக்கை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. கௌரி அம்மாள் போன்றவர்களை ருக்மிணி தேவி தம் பள்ளிக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்தார். ஆனால் எல்லோருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை.

ஒரு மரம், ஒரு மாணவி

1936-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. கட்டடம் கிடையாது. அடையாறுத் தோட்டத்தில் ஒரு மரத்தடி. முதல் மாணவி ராதா என்ற 12 வயதுச் சிறுமி. ருக்மிணி தேவியின் அண்ணன் ஸ்ரீராமின் மகள். முதலில் இருந்த நீண்ட ஆங்கிலப் பெயர் போய், 1938-ல் கலாக்ஷேத்திரா என்று பெயர் வந்தது.

பள்ளி வளர்ந்தது. 1937-ல் தறி போட்டு நெசவு ஆரம்பித்தார்கள். பழைய கோயில் புடவைகளின் கரைகளும் வர்ணங்களும் மறுபடி உயிர் பெற்றன. கலாக்ஷேத்திராப் புடவை என்று இன்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள் அல்லவா? அதன் ஆரம்பம் இதுதான். 1939-ல் இத்தாலி நாட்டுக் கல்வி நிபுணர் மரியா மாண்டிசோரி அம்மையார் அருண்டேல் தம்பதியின் அழைப்பில் அடையாறு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்துவிட்டதால் 1946 வரை அவர் ஊர் திரும்ப முடியவில்லை. 1942-ல் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் காலமானார். அவர் கால் தேயத் தேடிச் சேர்த்த ஏட்டுச் சுவடிகளைக் காப்பாற்ற 1943-ல் அவர் பெயரால் நூல் நிலையம் அமைத்தவரும் ருக்மிணி தேவியே.

1944-ல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகம் அரங்கேறியது. திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. கதாநாயகியின் பெயரே வசந்தவல்லி! தோழிகளோடு தெருவில் இறங்கிப் பந்தாடுகிறாள். உலா வருகிற குற்றாலநாதரைப் பார்க்கிறாள், மனத்தைப் பறிகொடுக்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். பந்து இல்லாமலே பந்தாடிக் காட்டும் அந்த ஆட்டத்தைப் பார்த்த சென்னை வாய் பிளந்தது. தனி ஒருத்தியின் ஆட்டமாக இருந்த பரதம், ஒரு கூட்டமே சேர்ந்து ஆடும் நாடகமாயிற்று. கேரளத்திலிருந்து வந்த கதகளி ஆசான்கள் அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் இதற்குத் துணை செய்தார்கள்.

நிழல் போயிற்று

1945-ம் ஆண்டு ஆகஸ்டில் அருண்டேல் காலமானார். பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர் அவர். கணவரோடு ருக்மிணி தேவிக்கு அந்தத் தோட்டத்தில் இருந்த பலமும் போயிற்று. சபையின் புதிய தலைமைக்கும் கலாக்ஷேத்திராவுக்கும் ஒத்துப் போகவில்லை. பள்ளி வேறு இடம் பார்க்க வேண்டிய நிலை வந்தது.

குழந்தையிலிருந்து விளையாடிய தோட்டம். பாடம் ஆரம்பித்த மரத்தடி. அதை விட்டுப் போக வேண்டும். கையில் பெரிய பணமும் இல்லை. இந்த இடத்தில் பலர் பள்ளியை மூடியிருப்பார்கள்.

ருக்மிணி தேவி தெற்கே நடந்தார்.

அடையாறுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் திருவான்மியூர். இன்று அங்கே அடுக்கு மாடி வீடுகளும் பஸ் நிலையமும் ரயில் நிலையமுமாக ஜே ஜே என்றிருக்கிறது. பெசன்ட் நகரும் அப்போது கிடையாது. கடலோரம் பூராவும் மணல். அங்கங்கே பனை, சவுக்கு. அவ்வளவுதான். அந்த மணலில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் கலாக்ஷேத்திராவுக்குச் சேர்ந்தது. மேடை அமைப்பதற்கு முன்னால் மரம் வைக்க வேண்டியிருந்தது!

மணலும் தண்ணீரும்

திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தல விருட்சம் வன்னி மரம். அந்த மரத்தடியில்தான் அகத்தியருக்கு ஈசன் மருந்துகளின் ரகசியத்தைச் சொன்னதாகத் தல புராணம். வன்னி, பாலைவனத்து மரம். ராஜஸ்தானத்தின் தார்ப் பாலைவனத்தில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதுதான் தீவனம். மனிதனுக்கு அதுதான் நிழல். அந்த மாநிலத்தின் மரமே வன்னிதான். மழை பார்க்காத மணலில் ஆழமாக வேர் விட்டுப் பிழைக்கும் மரத்தை, நம் முன்னோர் இந்தக் கடற்கரை ஊருக்குச் சாமி மரமாக வைத்திருக்கிறார்கள்.

கடற்கரை மணலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மேலே கால் வைக்க முடியாமல் கொதிக்கும். சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். கடலுக்குப் பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர்? மழைத் தண்ணீர் மணல் வழியே சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் லேசானது. ஆகையால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆசைப்பட்டு அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் கிணறு பாழ்தான்.

மணலில் செடி வைப்பதும் லேசான வேலையல்ல. ஊற்றும் தண்ணீர் நிற்காது. குழி வெட்டி, செம்மண்ணும் எருவும் போட்டு நிரப்ப வேண்டும். உப்புக் காற்று தளிரைக் கருக்கிவிடும். நிழல் கொடுக்கிற அளவுக்கு ஒரு மரம் வளர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்படித்தான் காத்திருந்தார்கள். பள்ளி கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. 1962-ம் ஆண்டில் கலாக்ஷேத்திரா திருவான்மியூருக்கே வந்துவிட்டது. கட்டடங்கள் மரத்துக்கு மேலே தலை நீட்டவில்லை. ஓலை வேய்ந்த குடில்கள், ஓட்டுக் கூரைகள், காற்று நுழையும் திறந்த பக்கங்கள். மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கும் வகுப்புகள்.

மரத்தடிக் குடும்பம்

காலையில் எல்லோரும் ஓர் ஆலமரத்தடியில் கூடுவார்கள். இந்து, பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று பல மதத்துப் பிரார்த்தனைகளும் ஒலிக்கும். பிறகு குடில் குடிலாகப் பிரிந்து போவார்கள். ஒரு குடிலில் தட்டுக்கழியின் தாளம். அடுத்ததில் வீணை. இன்னொன்றில் சிறு பிள்ளைகளின் சரளி வரிசை. இதற்கு நடுவே தறியின் சத்தம் வேறு.

குருமார்கள் பாடம் முடிந்ததும் மூட்டை கட்டுகிறவர்கள் அல்ல; அங்கேயே குடியிருந்தவர்கள். டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், காரைக்குடி சாம்பசிவ ஐயர் ஆகிய மகா வித்துவான்கள் எல்லோரும் கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர்கள். மைசூர் வாசுதேவாச்சாரியார் வந்து சேரும்போது 80-ஐத் தாண்டிய கிழவர். வால்மீகி ராமாயணத்தை நாட்டிய நாடகமாக்க ருக்மிணி தேவி நினைத்தபோது, அந்தக் கிழவர்தான் இசை அமைத்தார். 1955-ல் சீதா சுயம்வரம் மேடை ஏறியபோது அவருக்கு வயது 90! 1961-ல் அவர் மறைந்தார். பேரர் ராஜாராம் மிச்சத்தை முடித்தார். ஆறு நாடகங்களில் கடைசியான மகா பட்டாபிஷேகம் 1970-ல் வந்தது. ஒரு கதையைச் சொல்லி முடிக்க 15 வருஷம். மரம் வளர்த்தவர்களுக்கு அவசரம் ஏது?

கேரளத்துக் கிராமப் பையனும் இலங்கைப் பெண்ணும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மரக்கறி உணவுதான். பையன்களும் பரதம் ஆடலாம் என்று துணிந்த இடம் இது. 1953-ல் பையனூரிலிருந்து சிறுவனாக வந்த தனஞ்சயன் இங்கேயே படித்து, இங்கேயே சாந்தாவைக் கண்டு மணந்து, தம்பதியாக உலகப் புகழ் பெற்றார். யாமினி கிருஷ்ணமூர்த்தி, சி.வி. சந்திரசேகர், அடையாறு லட்சுமணன் என்று பெயர்கள் நீளும்.

வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூர் இதே போல் ஒரு வறண்ட செம்மண் மேட்டில் மரம் வைத்து, மரத்தடியில் பாடம் நடத்தி, சாந்திநிகேதனத்துப் பள்ளியை உண்டாக்கினார். அங்கே பங்குனிப் பௌர்ணமி சமயத்தில் வசந்த விழா பெயர் போனது. நம் ஊரில் வசந்தம் அப்படி மேளம் கொட்டிக்கொண்டு வருவதில்லை. மாசியில் மாம்பூ, பங்குனியில் புங்கந்தளிரும் வேப்பம்பூவும். மயிலாப்பூரில் அறுபத்து மூவர், திருவான்மியூரில் மருந்தீசுவரர் உற்சவம். அதற்குள் வெயில் வந்துவிடும். அந்த வெயிலில் தெருவிலிருந்து கலாக்ஷேத்திராவுக்குள் நுழைகிறவர்களுக்கு, மரங்கள் வைத்தவரின் அருமை காலடியிலேயே தெரியும். வெளியே கொதிக்கும் மணல், உள்ளே சருகு மெத்தை.

வாயில்லா ஜீவன்களுக்காக

1952-ல் ருக்மிணி தேவி ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினரானார். டெல்லிக்குப் போன நாட்டியக்காரி அங்கே கேட்டது நாட்டியத்துக்கு மானியம் அல்ல. மாட்டுக்கும் குதிரைக்கும் குரங்குக்கும் பாதுகாப்பு கேட்டார்! பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தாமே ஒரு மசோதா கொண்டு வந்தார். பிரதமர் நேரு, அரசாங்கமே சட்டம் கொண்டு வரும் என்று உறுதி கூறவே, மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டபோது அவரே தலைவி. சுமை வண்டி மாட்டைச் சாட்டையால் விளாசினால் இன்று கேஸ் போடலாம் என்றால், அதற்கு இந்த அம்மையாரும் காரணம்.

1956-ல் பத்மபூஷண் பட்டம் வந்தது. 1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், ஜனாதிபதி பதவிக்கு நிற்கும்படி கேட்டார். ருக்மிணி தேவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டெல்லி மாளிகையின் தோட்டத்தை விட அவருக்குத் திருவான்மியூர்த் தோட்டம் பெரிதாக இருந்தது போலும்.

ஒரு பதவியை மட்டும் அவர் விரும்பினார். 1980-ல் பிரம்மஞான சபைத் தலைவர் தேர்தலில் நின்றார். தோற்றார். ஜெயித்தவர் யார் தெரியுமா? அவருடைய முதல் மாணவி ராதா!

1984-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி அவருக்கு வயது 80. நிஜமான பிறந்த நாள் கணக்கில் அது 20-வது. அதற்குப் பிறகு அந்தத் தேதி அவருக்கு வரவில்லை. 1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி சென்னையில் காலமானார்.

1993-ல் பார்லிமெண்ட் தனிச் சட்டம் இயற்றிக் கலாக்ஷேத்திராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. பிப்ரவரிக் கடைசியில் அங்கே ருக்மிணி தேவியின் நினைவாகக் கலை விழா நடத்துகிறார்கள். விழா மண்டபத்துக்குப் போகிற வழியெல்லாம் மரங்கள்தான்.